ஒட்டிவிட்டார்கள், சரி, ஒழுகவில்லையே?
(கண் டாக்டர் பதில்கள்)

இந்த முறை வந்த கடிதங்களில் தையலும் பசையும்தான் அதிகம். அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கண்ணாடி பவர், கண் எரிச்சல் பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டாக்டர் அம்மா, என் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் ஓர் ஆரஞ்சு நிறக் காகிதத்தைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்து, "கசிவு இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கும் அதே காகிதத்தை வைத்துப் பார்த்துவிட்டு ஏதோ லென்ஸ் மாட்டினார்கள். அம்மாவுக்கு ஒரு தையல்கூட இல்லை. இருமினால் புண் பிரிந்துவிடாதா?
- வாசகி, மானாமதுரை

பதில்: ஒழுங்காகப் போட்ட வெட்டு இருமலுக்குப் பிரியாதம்மா. நேர்க்குத்தாக வெட்டியிருந்தால் நீங்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. நாங்கள் அப்படி வெட்டுவதில்லை. கருவிழி ஓரத்தில் கத்தியைச் சாய்த்து, படலத்துக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓட்டி, அதன்பிறகுதான் உள்ளே இறக்குகிறோம். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் வெட்டின் உள் உதட்டை வெளிப்பக்கம் தள்ளி அடைத்துவிடும். ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சும் பேக்கோ முறையில் இந்த வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. முகாம் நோயாளிகளுக்கு அதிகம் செய்யும் சிறு கீறல் முறையில் 6 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். அதுவும் வெள்ளை விழிக்குள் சுரங்கம் போலப் போவதால் தானே மூடிக்கொள்ளும். என் பாட்டி காலத்தில் கருவிழியைப் பாதி வட்டம் வெட்டித் திறப்பார்கள். ஆபரேஷன் முடிந்தால் தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்கப் போடுவார்கள். அந்தப் பயம் இன்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

ஆபரேஷன் முடிகிற நேரத்தில் வெட்டின் ஓரங்களில் மெல்லிய ஊசியால் உப்புநீர் ஏற்றுவோம். அந்த இடம் ஊறி, வெளுத்து, உப்பிக்கொண்டு ஓரங்கள் நெருங்கும். பிறகு சின்ன முக்கோணப் பஞ்சால் ஒற்றிப் பார்ப்போம். ஒற்ற ஒற்ற நனைந்துகொண்டே இருந்தால் இன்னும் மூடவில்லை.

பஞ்சுக்குத் தெரியாத கசிவை அந்தக் காகிதம் காட்டிக்கொடுக்கும். அதற்கு சைடல் சோதனை என்று பெயர், எரிக் சைடல் என்ற ஜெர்மன் கண் டாக்டரின் பெயரால். காகிதத்தில் தோய்ந்திருப்பது ஃப்ளோரசின் என்ற சாயம். மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, வெட்டின் மேல் சாயத்தைப் பூசி, நீல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடர்த்தியாக இருக்கும்வரை சாயம் மங்கலாகத்தான் தெரியும். உள்ளிருந்து நீர் கசிந்தால் அது சாயத்தைக் கரைத்து நீர்க்கச் செய்யும். நீர்த்த இடம் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். மங்கலான ஆரஞ்சுக்கு நடுவே ஒரு பச்சைக் கோடு மெதுவாகக் கீழே வழியும். ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பலர் முதலில் இதைக் கோட்டைவிடுவார்கள். சாயத்தோடு சொட்டு மருந்தையும் தாராளமாக விட்டால் கண் முழுக்கப் பச்சையாக மின்னும், கசிவு எங்கே என்றே தெரியாது. இன்னொன்று இதைவிட ஆபத்து. கண் ஏற்கெனவே காற்றுப் போய் மெத்தென்று இருந்தால் கசிய உள்ளே நீரே இருக்காது. சோதனை "நல்லா இருக்கு" என்று பொய் சொல்லும். அதனால்தான் முதலில் கண் அழுத்தத்தைப் பார்ப்பது. பாதரச மில்லிமீட்டர் கணக்கில் 10 முதல் 21 வரை இருப்பது இயல்பு. சந்தேகம் வந்தால் விரலால் லேசாக அழுத்தி, அப்போதாவது பச்சைக் கோடு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்றால், நீர் வெளியே வருகிற வழியில் கிருமி உள்ளே போகும். கண்ணுக்குள் சீழ் பிடித்தால் பார்வையைக் காப்பாற்றுவது கஷ்டம். பக்கத்துப் படுக்கை அம்மாவுக்குச் சிறு கசிவு இருந்திருக்கும். அவருக்கு மாட்டியது கட்டுப்போடும் காண்டாக்ட் லென்ஸ். பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் தலைமுடியைவிட மெலிதான நைலான் நூலில் ஒரு தையல் போடுவார்கள்.

பசையும் உண்டு. கண்புரை வெட்டின் மேல் தடவும் ஒரு ஜெல்லுக்கு அமெரிக்காவில் 2014 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. எங்கே தடவினோம் என்று தெரிவதற்காக அதில் நீல நிறம் சேர்த்திருப்பார்கள். சில நாளில் தானே உதிர்ந்துவிடும். அதைத் தையலோடு ஒப்பிட்டபோது, கண்ணின் மேல் அளந்து அழுத்தும் ஒரு கருவியை வைத்தே கசிவு பார்த்தார்கள். தையல் போட்ட கண்களில்தான் கசிவு அதிகம். ஆனாலும் உங்கள் அம்மா மாதிரி வெட்டு நன்றாக மூடியவர்களுக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து.

சாயம் கண்ணீரோடு மூக்குக்கும் இறங்கும். அன்று மூக்குச் சிந்தினால் மஞ்சளாக வரும், பதற வேண்டாம்.

கேள்வி: உப்பளத்தில் வேலை. இடது கண்ணில் சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறிவிட்டது. பாக்கெட் பசை வைத்து ஒட்டினால் ஒரு ரேட், என் ரத்தத்திலேயே ஒட்டினால் குறைவான ரேட் என்கிறார்கள். ரத்தம் ஒட்டுமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: நன்றாக ஒட்டும் அண்ணாச்சி. பாக்கெட்டில் வருவதும் ரத்தத்திலிருந்து எடுத்ததுதான். அடிபட்ட இடத்தில் ரத்தம் உறைகிறதே, அதன் கடைசிக் கட்டத்தை இரண்டு சிரிஞ்சில் பிரித்து அடைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஃபைப்ரினோஜன், மற்றதில் த்ராம்பின். இரண்டும் சேர்ந்ததும் ஃபைப்ரின் என்ற வலை பின்னிக்கொள்ளும். 1940களிலேயே நரம்பையும் தோல் ஒட்டையும் இப்படி ஒட்டிப் பார்த்தார்கள். பலர் தந்த பிளாஸ்மாவைக் கலந்து எடுத்ததால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும் என்ற பயம் வந்து, 1978ல் அமெரிக்கா அந்த ஃபைப்ரினோஜன் மருந்துக்கான உரிமத்தை ரத்து செய்தது. கிருமி நீக்கும் முறைகள் தேறிய பிறகு 1998ல்தான் அங்கே ஃபைப்ரின் பசைக்கு அனுமதி கிடைத்தது.

உங்களுக்குச் செய்யப்போவது இது: சதையை எடுத்த இடத்தில், மேல் இமைக்கு அடியிலிருந்து எடுத்த மெல்லிய தோலை வைப்பார்கள். பூண்டுத் தோல் மாதிரி இருக்கும், மூச்சு பட்டால் சுருளும். பசை என்றால் உடனே பிடித்துக்கொள்ளும். சொந்த ரத்தம் என்றால் அந்த இடத்தில் கசியும் ரத்தத்தின் மேலேயே தோலைப் பரப்பி, டாக்டர் சில நிமிடம் பொறுமையாக அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஒட்டியதா என்று பார்க்க, இமையைத் திறந்து வைத்த கிளிப்பை எடுத்துவிட்டு உங்களைக் கண் சிமிட்டச் சொல்வார்கள். தோல் நகரவில்லை என்றால் கட்டுப் போடுவார்கள். ரத்தத்தில் ஒட்டியது முதல் ஓரிரு நாளில் நழுவ வாய்ப்பு கொஞ்சம் அதிகம். நீங்கள் தூக்கத்தில் கண் கசக்கும் ஆள் என்றால் பாக்கெட்டுக்கே பணம் கொடுங்கள். இல்லையென்றால் ரத்தமே போதும். இரண்டிலுமே தையல் மாதிரி வாரக்கணக்கில் மண் விழுந்தது போல உறுத்தாது.

சதை திரும்ப வருவதைத் தடுப்பதில் பசையைவிட அந்தத் தோலுக்குத்தான் பங்கு அதிகம். தோல் வைக்காமல் வெறுமனே சுரண்டிவிடுகிறேன், செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உப்புப் பாத்தியில் வெயில் கீழிருந்தும் அடிக்கும். தொப்பி மட்டும் போதாது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கூலிங்கிளாஸ் வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்குக் கண்ணுக்குள் லென்ஸைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். பசை கரைந்தால் லென்ஸ் விழாதா?
- வாசகர், தாம்பரம்

பதில்: இது நம் சென்னையில் பிறந்த முறை. லென்ஸைத் தாங்கும் பை கிழிந்துபோன கண்களுக்காக 2007 டிசம்பரில் டாக்டர் அமர் அகர்வால் செய்து காட்டினார். பெயரைக் கேட்டால் லென்ஸையே பசையால் ஒட்டியது போலத் தோன்றும். உண்மையில் லென்ஸின் இரண்டு கால்களையும் வெள்ளை விழிக்குள் போட்ட சுரங்கத்தில் செருகி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் மூடிய மடல்களைத்தான் மேலே சொன்ன ஃபைப்ரின் பசை ஒட்டுகிறது. சில வாரத்தில் பசை கரைந்துவிடும், அதற்குள் மடல்கள் தானே ஆறிக் கூடிவிடும். செருகல் சரியாக இருந்தால் லென்ஸ் நிற்கும்.

கேள்வி: மகனின் தாடை வெட்டுக்கு ஆஸ்பத்திரியில் பசை போட்டார்கள். கடையில் விற்கும் உடனடி ஒட்டும் பசையும் அதுவும் ஒன்றுதானே? வீட்டிலேயே போட்டால் என்ன?
- வாசகர், ஓசூர்

பதில்: ஒரே குடும்பம்தான் தம்பி, ஆனால் குணம் வேறு. 1942ல் ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனியில் ஹாரி கூவர் துப்பாக்கியில் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது தற்செயலாக அகப்பட்டது இந்த சயனோஅக்ரிலேட். எதைத் தொட்டாலும் ஒட்டியதால் எரிச்சலில் ஒதுக்கிவைத்தார்கள். கடைப் பசையில் இருப்பது குட்டைச் சங்கிலி வகை. சீக்கிரம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு விடும், இறுகும்போது சுடும், சதையைப் புண்ணாக்கும். மருத்துவப் பசை நீளச் சங்கிலி வகை, அதுவும் கிருமி நீக்கியது. கருவிழியில் சிறு ஓட்டை விழுந்தால் நாங்களும் அதில் ஊசிமுனை அளவு வைத்து அடைப்போம். ஈரம் பட்டதும் இறுகிவிடும் என்பதால் முதலில் அந்த இடத்தை உலர்த்த வேண்டும். அடைத்த பிறகு மறுபடி அந்த ஆரஞ்சுக் காகிதம்தான்.

கடை ட்யூபைச் சொட்டு மருந்து என்று நினைத்துக் கண்ணில் விட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. அப்படி நேர்ந்தால் இமையைப் பிய்க்காதீர்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கண் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வெதுவெதுப்பான சுத்தமான நீரால் கழுவிக்கொண்டே கண் டாக்டரிடம் ஓடுங்கள்.

மகன் தாடையில் ஆயின்மென்ட், வாசலின் எதுவும் தடவ வேண்டாம், பசை இளகிவிடும். பசை தானாக உரிய 5 முதல் 10 நாள் ஆகும். அதுவரை அவன் நகத்தால் நோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரம் விரிந்தாலோ, சிவந்து வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ போட்ட இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.