படைப்பு வீட்டில் கட்சிப் பேச்சு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பள்ளத்தூர். முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் இந்த வருஷப் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தோம். பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கட்சிப் பேச்சு முற்றி, சித்தப்பா சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டார். இருவரும் எதிரெதிர்க் கட்சி. சித்தப்பா போன தேர்தலில் எங்கள் பூத்தில் ஏஜெண்டாக உட்கார்ந்தவர். பெரியப்பா எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை, ஆனால் வீட்டில் அவருக்குத்தான் கட்சிப் பற்று அதிகம். பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி, இனிமேல் படைப்பிலும் சரி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் சரி, அரசியலே கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. வேறு வழியும் தெரியவில்லை. ஒரே வீட்டுக்குள் பேச முடியாத நாம் ஜனநாயகத்தை எப்படிக் காப்பாற்றப் போகிறோம்?

மெ., பள்ளத்தூர்

அன்புள்ள மெ.,

படைப்பு நடக்கிற அந்த ஒரு வேளைக்கு அரசியல் வேண்டாம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. முன்னோருக்குப் படைத்துவிட்டு உட்காரும் பந்தியிலிருந்து யாரும் பசியோடு எழுந்து போகக் கூடாது. ஆனால் குடும்பத்துக்குள் எப்போதுமே பேசக் கூடாது என்ற தீர்மானம் தவறு. வீட்டில் பேச்சை நிறுத்தினால் யாருடைய கருத்தும் மாறாது. பெரியப்பா தன் பக்கத்து ஆட்களோடு மட்டும் பேசுவார், சித்தப்பா தன் பக்கத்து ஆட்களோடு. சில வருஷம் போனால், அண்ணனைப் பற்றித் தம்பிக்குத் தெரிந்ததெல்லாம் கட்சி மேடையில் கேட்டதாக மட்டுமே இருக்கும்.

கருத்து மோதுவதால் ஜனநாயகம் கெடுவதில்லை. காரைக்குடியில் சா. கணேசன் 1939ல் கம்பன் கழகம் தொடங்கினார். நாலு வருஷம் கழித்து, 1943ல், கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று அண்ணா வாதாடினார். தமிழறிஞர்களான ரா.பி. சேதுப்பிள்ளை ஒரு மேடையிலும் நாவலர் சோமசுந்தர பாரதியார் இன்னொரு மேடையிலும் அவரை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசினார்கள். கணேசன் காங்கிரஸ்காரராக இருந்து, பிறகு சுதந்திராக் கட்சி சார்பில் 1962ல் காரைக்குடி எம்.எல்.ஏ. ஆனவர். கம்யூனிஸ்ட் ஜீவா அவருடைய கம்பன் விழாவுக்கு வந்து பேசினார். யாரும் தன் கொள்கையை வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை. அது பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து மேடைகளில் காது கூசும் வசவும் இருந்தது.

கெடுவது வேறு இடத்தில். நம் ஆள் விதியை மீறினால் 'அவங்க மட்டும் யோக்கியமா?' என்று கேட்டு விட்டுவிடுகிறோமே, அங்கே. மேத்யூ கிரஹாம், மிலன் ஸ்வோலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2020ல் அமெரிக்க வாக்காளர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கற்பனை வேட்பாளர்களைக் காட்டி, உங்கள் கட்சி வேட்பாளர் ஜனநாயக நெறியை மீறுகிறவர் என்றால் என்ன செய்வீர்கள் என்று சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் காரணத்துக்காகத் தன் கட்சியைக் கைவிடத் தயாராக இருந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர். கட்சிப் பற்று கூடக்கூட அந்தக் கொஞ்சமும் குறைந்தது. அவர்களுக்கு ஜனநாயகம் வேண்டாம் என்றில்லை. தன் கட்சி ஜெயிக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது.

நம் கதையும் இதுதான். 1976 ஜனவரி 31 அன்று, நெருக்கடி நிலையின்போது, தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கும் மிசா சட்டத்தில் ஆட்களைப் பிடித்துச் சென்னைச் சிறையில் அடைத்தார்கள், அடித்தார்கள். அடிபட்டவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்துபோனார். தி.மு.க.வைப் பிடிக்காதவர்கள் பலர் ஆட்சி ஒழிந்ததே போதும் என்று இருந்தார்கள். அந்த மார்ச் மாதத் தேர்தலில் வடக்கே காங்கிரஸ் மண்ணைக் கவ்வியது. தமிழ்நாட்டில் அ.தி.மு.க.–காங்கிரஸ் அணி பெரும்பாலான தொகுதிகளை அள்ளியது. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் சிறையில் விழுந்த அடி ஓட்டுப்பெட்டியில் பெரிதாகத் தெரியவில்லை என்பது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. அந்த அடியை விசாரித்த கமிஷனின் நீதிபதி மு.மு. இஸ்மாயில், சென்னைக் கம்பன் கழகத்தை வளர்த்தவர்.

அப்புறம் நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். 1978ல் ஜனதா அரசு 44வது அரசியல் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தபோது ராஜ்யசபாவில் காங்கிரஸ்காரர்கள்தான் அதிகம். அவர்கள் கை தூக்காமல் அது நிறைவேறியிருக்காது. சில பிரிவுகளை நீக்கிவிட்டு மற்றதை ஏற்றுக்கொண்டார்கள். 'உள்நாட்டுக் குழப்பம்' என்று சொல்லி நெருக்கடி நிலை அறிவிக்கும் வழி அடைபட்டது, உள்நாட்டுக் காரணம் என்றால் இனி ஆயுதக் கிளர்ச்சி இருந்தால்தான் முடியும். அமைச்சரவை எழுத்தில் பரிந்துரை தர வேண்டும். உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காவலான 21வது பிரிவை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது. ஆறு வருஷமாக நீட்டப்பட்டிருந்த மக்களவையின் ஆயுள் மறுபடி ஐந்தானது. ஜெயிலில் போட்டவர்களும் ஜெயிலில் கிடந்தவர்களும் சேர்ந்து செய்த வேலை இது. நட்பானதால் செய்யவில்லை. நாளை நாமும் உள்ளே போகலாம் என்று இரு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

உங்கள் சித்தப்பா பூத் ஏஜெண்ட் என்று படித்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. அவர் உட்கார்ந்த பெஞ்சில் எதிர்க்கட்சி ஏஜெண்டும்தான் உட்கார்ந்திருப்பார். வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் மாதிரி ஓட்டு நடக்கும். எல்லார் முன்னிலையிலும் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டு இயந்திரத்துக்கு சீல் வைப்பார்கள். அந்த சீல் தாளில் ஏஜெண்டுகள் கையெழுத்துப் போடலாம். வந்தவர் ஆள் மாறாட்டம் செய்கிறார் என்று சந்தேகம் வந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், அதிகாரி அங்கேயே விசாரிப்பார். வீம்புக்கு ஆட்சேபித்தது என்றால் ரூபாய் போச்சு. சாயங்காலம் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதிய 17சி படிவத்தின் நகல் ஏஜெண்டுகள் கைக்கு வரும். எல்லார் கையிலும் ஒரே எண். அந்த அறையில் யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் சந்தேகத்தை வைத்தே தேர்தல் ஒழுங்காக நடக்கிறது.

குடும்பக் குரூப்புக்கும் இப்படி ஒரு விதி போதும். வந்ததை அப்படியே தள்ளிவிடக் கூடாது. சொந்த வார்த்தையில் எழுத வேண்டும், எங்கே படித்தது என்று சொல்ல வேண்டும், தவறு என்று தெரிந்தால் அதே குரூப்பில் திருத்த வேண்டும். சாதியையோ மதத்தையோ இழித்து எழுதினால் பெரியவர்கள் அப்போதே தடுக்க வேண்டும், அதைக் கருத்து என்று விட்டுவைக்கக் கூடாது. சித்தப்பா எழுந்து போனது கருத்துக்காகவா, ஏதாவது அவமானச் சொல்லுக்காகவா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அது தெரிய வேண்டும்.

இரண்டு கட்சியும் ஒன்றுதான் என்று நீங்கள் சமாதானம் பேசப் போகாதீர்கள். ஒரு பக்கம் பெரிய தப்பும் மறு பக்கம் சின்னத் தப்பும் செய்திருந்தால், சமம் என்று சொல்வது அநியாயம். அதற்குப் பதில் இருவரையும் தனித்தனியாகப் பார்த்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'உங்க கட்சி செஞ்சதுல உங்களுக்கே பொறுக்காதது எது?' எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு போலீஸ் அனுமதி மறுத்தபோது, ஒரு பதிவுக்காக எதிர்க்கட்சிப் பையனைக் கைது செய்தபோது, இவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் கேளுங்கள். உடனே பதில் வராது. கோபம்கூட வரலாம். நீங்கள் தம்பி மகன் முறை என்பதால் பெரியப்பா உங்களைப் பேச விடுவார் என்று நினைக்கிறேன்.

சித்தப்பாவிடம் முதலில் போங்கள், சாப்பிடாமல் போனவர் அவர்தான். வீட்டில் 18 வயது முடிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டியலில் பெயர் சேர்க்கும் 6வது படிவத்தை நிரப்பவும் பூத்தில் நடப்பதைச் சொல்லவும் அவரைவிட்டால் உங்கள் வீட்டில் ஆள் இல்லை. அன்றைக்குப் பெரியப்பாவும் வர முடிந்தால் அழைத்து வாருங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.