முரண்படும் பழமொழிகளில் எதை நம்புவது?

‘பதறாத காரியம் சிதறாது’ என்றும், தாமதித்தால் பயனில்லை எனும் பொருளில் ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்றும் முன்னோர் சொல்லியிருக்க, எதைக் கேட்பது என்கிறீர்கள். இரண்டையும் கேட்கலாம், பழமொழி சட்டம் அன்று, சமயம் பார்த்துச் சொல்லப்படுவது. தோவாளைப் பூச்சந்தைக்கு அதிகாலையில் வந்திறங்கும் பிச்சிப்பூ வெயில் ஏற ஏற வாடிவிடும் என்பதால், கூடுதல் விலைக்காகக் காத்திருக்கும் வியாபாரியிடம் கஞ்சிப் பழமொழியே செல்லும். அவரே மகளுக்கு வரன் பார்க்கும்போது முதலாவதுதான் பொருந்தும். மனித இயல்பைக் கேலி செய்யும் பழமொழிகளில் இந்தச் சிக்கல் குறைவு. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது எந்த ஊருக்கும் பொருந்தும் (அலுவலகங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே). பழி யாரோ ஒருத்தியின் மேல் போவதால், குத்துப்பட்டவரும் கோபித்துக்கொள்ள வழியின்றிச் சிரித்துவிடுகிறார்.