ஆட்சி மாறினால் ஒயின் திராட்சை என்னவாகும்?

கேள்வி: நாசிக் மாவட்டம் திண்டோரியில் எங்கள் குடும்பத்துக்கு நிலம் உள்ளது. ஐந்து ஏக்கரில் ஒயின் திராட்சை நட எண்ணுகிறோம். ஆட்சி மாறினால் அரசுச் சலுகை நின்றுவிடும் என்று உறவினர்கள் அஞ்சுகிறார்கள். இறங்கலாமா?

பதில்: அச்சம் நியாயமானதே, ஆனால் ஆட்சி மாற்றத்தைவிட அஞ்சத்தக்கது வேறொன்று உண்டு. 2001 இல் மகாராஷ்டிரத்தின் காங்கிரஸ்–தேசியவாத காங்கிரஸ் அரசு ஒயினுக்கு ஆயத்தீர்வை விலக்கு அளித்தது. விஞ்சூரிலும் பலூசிலும் ஒயின் ஆலைகளுக்கான தொழிற்பூங்காக்கள் அமைந்தன. பின்னர், 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியில் 16 சதவீதத்தை ஒயின் ஆலைகளுக்குத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. 2014 இல் ஆட்சிக்கு வந்த பாஜக அதைக் கைவிடவில்லை. பாஜக இடம்பெற்ற ஷிண்டே அரசும் 2024 ஜனவரியில் அதைத் தொடர ஒப்புதல் அளித்தது. திராட்சை விவசாயிகளின் வாக்கு எல்லாக் கட்சிகளுக்கும் வேண்டும் என்பதே காரணம் என்று கருதுகிறேன்.

கட்சிகள் மோதியது விற்பனையில்தான். 1,000 சதுர அடிக்குக் குறையாத பேரங்காடிகளில் ஒயின் விற்கலாம் என்று 2022 ஜனவரியில் உத்தவ் தாக்கரே அரசு முடிவெடுத்தபோது, பாஜக கடுமையாக எதிர்த்தது. சமூக ஆர்வலர் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் அறிவித்தார். முடிவு நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே, விற்பனை விரிவடையும் என்ற நம்பிக்கையில் பரப்பைக் கூட்டாதீர்கள்.

விவசாயிகளை உண்மையில் வீழ்த்திய நெருக்கடி, ஆட்சி மாறாத காலத்தில் வந்தது. 2008 இன் உலகப் பொருளாதார மந்தமும் அவ்வாண்டு நவம்பரில் நடந்த மும்பைத் தாக்குதலும் விடுதிகளில் ஒயின் விற்பனையைக் குறைத்தன. ஆலைகளில் சரக்கு தேங்கியது. பழம் வாங்க ஆளில்லாமல் பலர் கொடிகளையே பிடுங்கினார்கள். ஷிராஸ், கேபர்நே போன்ற ஒயின் ரகங்களின் பழங்கள் சிறியவை, விதையுள்ளவை என்பதால், ஆலை கைவிட்டால் அவற்றைத் தாம்சன் விதையில்லாத் திராட்சையைப் போலச் சந்தைக்கோ உலர்திராட்சைக்கோ அனுப்ப முடியாது.

வரித் தொகை திரும்புவது ஆலைக்கே, உங்களுக்கல்ல. அது தாமதமானால் உங்கள் பணமும் தாமதமாகலாம். எனவே, எத்தனை மாதத் தொகை நிலுவையில் இருக்கிறது என்று ஆலையிடம் கேளுங்கள். கொடி நல்ல மகசூலுக்கு வர ஏறக்குறைய மூன்றாண்டு ஆகும். அதற்குள் முடிந்துவிடும் ஒப்பந்தத்தால் பயனில்லை. சர்க்கரை அளவுக்கேற்ற விலை, பணம் தரும் கெடு, பழத்தை நிராகரித்தால் இழப்பு யாருடையது என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். முதலில் இரண்டு ஏக்கரில் மட்டும் நடுங்கள். மற்ற மூன்றில் சந்தைத் திராட்சையே இருக்கட்டும்.