தாடை மூட்டுத் தேய்மானம்: ஸ்கேன் எதைச் சொல்லும்?

வணக்கம்ங்க. பல், தாடைப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கோபியிலிருந்து ஒரு அக்கா: அம்மா வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் நறநறவென்று சத்தம் வருதுங்க. ஓ.பி.ஜி (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்ததில் ஒன்றுமில்லை என்றார்கள். போதுமா டாக்டர்?

அதை மட்டும் நம்ப வேண்டாங்க அக்கா. ஓ.பி.ஜி பல்லுக்கு நல்ல படம். மூட்டில் முற்றிய சேதம்தான் அதில் தெரியும், ஆரம்பத் தேய்மானம் தப்பிவிடும். எலும்பைத் தெளிவாகக் காட்டுவது சி.பி.சி.டி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன். ஆனால் அதன் முடிவால் சிகிச்சை மாறும் என்று நேரில் பரிசோதித்த மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள். அதுவரை அம்மா கரும்பு, முறுக்கு கடிக்க வேண்டாம்.

குமாரபாளையத்தில் பல் மருத்துவம் படிக்கும் தம்பி: கீழ்த்தாடைக் குமிழ் (மூட்டில் பொருந்தும் உருண்டை முனை) தட்டையாக இருந்தால் தேய்மானம் என்று எழுதலாமா மேடம்?

எழுதாதீங்க தம்பி. மேற்பரப்பில் அரிப்பு, எலும்புக்குள் நீர்க்கட்டி போன்ற குழி, விளிம்பில் எலும்பு முள், குமிழ் முழுக்க இறுகிப்போவது: இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் தேய்மானம். வெறும் தட்டையும், மேற்பரப்பை ஒட்டிய இறுக்கமும் 'உறுதியாகச் சொல்ல முடியாதது' என்ற வகை. தாடை மூட்டுக் கோளாறுகளைக் கண்டறிய 2014இல் வந்த டி.சி/டி.எம்.டி என்ற நெறிமுறையும் இப்படித்தான் பிரிக்கிறது. வயதாலோ, மூட்டு தன்னைச் சரிசெய்துகொள்வதாலோகூட குமிழ் தட்டையாகும். இல்லாத நோயை ஒருவர் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

கோவை இன்ஜினியரிங் மாணவி: ஓ.பி.ஜி படங்களைக் கொடுத்து, தேய்மானம் உண்டா இல்லையா என்று பிரிக்க கம்ப்யூட்டருக்குப் பழக்குகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல வேலை அம்மிணி. முதலில், 'உண்டு, இல்லை' என்று குறித்தது யார், எதைப் பார்த்து? ஓ.பி.ஜியையே பார்த்துக் குறித்திருந்தால், மனிதக் கண் தவறவிட்டதைக் கம்ப்யூட்டரும் தவறவிடவே பழகும். அதே நோயாளியின் சி.பி.சி.டியை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துக் குறிக்கட்டும். அப்புறம், ஒருவருடைய இடது மூட்டைப் பயிற்சிக்கும் வலது மூட்டைச் சோதனைக்கும் போடாதீர்கள், மதிப்பெண் பொய்யாக ஏறும். உறுதியில்லாத படங்களை ஒதுக்கினாலும் அப்படித்தான். எங்கள் மேசைக்குத் தினமும் வருவதே அந்த மாதிரிப் படங்கள்தானே!

பொள்ளாச்சி அண்ணா ஒருவர்: எம்.ஆர்.ஐ எதற்குங்க?

மூட்டுக்குள் இருக்கும் தட்டு விலகியிருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கங்க அண்ணா.

திருப்பூர் வாசகர்: ஸ்கேனில் தேய்மானம் என்கிறார்கள், எனக்கு வலியே இல்லை. ஆபரேஷன் வேண்டுமா?

படத்துக்காக மட்டும் ஆபரேஷன் செய்வதில்லைங்க. படத்தில் சேதம் தெரிந்தும் வலி இல்லாதவர்கள் உண்டு. வாய் நன்றாகத் திறக்கிறது, மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதம் மாறவில்லை என்றால் உங்கள் மருத்துவர் அவ்வப்போது பார்த்துவந்தால் போதும்.