வாசகர் கேள்வி-பதில்: ஒரு லட்சம் கேட்ட கொடுமுடிக் குயில்

சென்ற இதழில் நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாடகியும் நடிகையுமான கே.பி.சுந்தராம்பாளைப் பற்றியே கேட்டிருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கே.பி.எஸ். என்றதும் எல்லோரும் கிட்டப்பாவின் மறைவையும் வெள்ளைப் புடவையையும் பற்றியே பேசுகிறார்கள். அவர் வாழ்க்கையில் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லையா?
– வாசகி, தென்காசி

பதில்: உங்கள் ஆதங்கம் எங்களுக்கும் உண்டு. 1933 டிசம்பர் 2 அன்று அவர் கணவரும் நாடக நடிகருமான எஸ்.ஜி.கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு திருமணம் ஆகியிருந்தது. சுந்தராம்பாளுடனான இல்லற வாழ்வும் கடைசிக் காலத்தில் பிணக்கும் பிரிவுமாகவே கழிந்தது. குடிப்பழக்கம் கிட்டப்பாவின் உடலை உருக்குலைத்திருந்தது. அத்தகைய கணவருக்காக இருபத்தைந்து வயதில் ஒரு பெண் நகைகளைக் களைந்து, வெள்ளை உடுத்தி, இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்ததை ஊர் வியந்து பேசியது இயல்புதான். ஆனால் அந்த வியப்பிலேயே நின்றுவிட்டதால், அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் தன் குரலுக்கும் தன் நிபந்தனைகளுக்கும் தானே விலை வைத்து உழைத்த தொழில்காரி நம் கண்ணுக்குத் தப்பிவிட்டார். நாயகனுக்கு ஜோடியாக நடிக்க மாட்டேன் என்று சொல்லும் நடிகைக்கு அன்றைய சினிமாவில் வேலையே இல்லை என்பதுதான் பொது விதி. அந்த விதியை வைத்துக்கொண்டே அவர் நந்தனாராகவும், மணிமேகலையாகவும், ஔவையாராகவும், கவுந்தியடிகளாகவும், காரைக்கால் அம்மையாராகவும் நடித்தார். இந்தப் பட்டியலில் ஒருவருக்காவது காதலன் உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: அவர் ரயிலில் பாடிப் பிச்சை எடுத்தவர் என்று படித்தேன். உண்மையா?
– வாசகர், ஈரோடு

பதில்: காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-இல் மிக வறிய குடும்பத்தில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் நிற்கும் 'கே' கொடுமுடியையும் 'பி' தாயார் பாலாம்பாளையும் குறிக்கும். சிறு வயதில் ரயிலில் பாடிக் காசு பெற்றார், அப்போது கேட்டவர்தான் அவரைக் கைதூக்கிவிட்டார் என்பது ஒரு கதை. உள்ளூரில் அவர் பாடியதைக் கேட்ட காவல் அதிகாரி ஒருவர் பரிந்துரைத்தார் என்பது இன்னொரு கதை. இரண்டிலும் தவறாமல் வருகிறவர், திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி.நடேச ஐயர். ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர். பிற்காலத்தில் 'சேவாசதனம்' படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமியுடன் நடித்தவரும் அவரே. அவர் வழியாகத்தான் சிறுமி சுந்தராம்பாள் வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்தார்.

கேள்வி: சென்ற இதழில் 'ஸ்பெஷல் நாடகம்' என்றீர்களே, அது என்ன? கம்பெனி நாடகத்திலிருந்து அது எப்படி வேறுபடும்?
– கல்லூரி மாணவர், புதுக்கோட்டை

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் நடக்கும் கலையைப் பற்றி நீங்களே கேட்டிருப்பது எங்களுக்குச் சற்று வியப்பாக இருந்தாலும், கேட்டவரைக் கேட்டதற்காகக் கடிந்துகொள்ளக் கூடாது.

கம்பெனி நாடகத்தில் நடிகர்கள் ஒரே கூரையின்கீழ் உண்டு, உறங்கி, வாத்தியாரிடம் அடிபட்டு, ஒத்திகை பார்த்து நடிப்பார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (நாயகன்) ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் (நாயகி) வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மூன்றாவது ஊரிலிருந்தும் அன்று மாலைதான் வந்து இறங்குவார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' போன்ற நாடகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அப்படி நடத்த முடிந்தது. பாட்டும் வசனமும் பொது. அவற்றை அன்றிரவு எப்படி விரித்துப் பாடுவது, எதிரே நிற்பவரை எப்படி மடக்குவது என்பது அவரவர் சாமர்த்தியம். 'வள்ளி திருமண'த்தில் வேடனாக வந்த முருகனும் தினைப்புனம் காக்கும் வள்ளியும் செய்யும் தர்க்கம் சில இரவுகளில் விடியும்வரைகூட நீளும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. திரைக்குப் பின்னால் இருந்தபடியே நடிகர் முதல் அடியைப் பாடத் தொடங்குவார். முகம் தெரிவதற்கு முன்பே குரல் வந்துவிடும். அந்த ஓர் அடியிலேயே கொட்டகையின் கடைசி வரிசையில் துண்டு விரித்துப் படுத்திருப்பவன் எழுந்து உட்கார வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அதற்கு இனிமை மட்டும் போதாது, உயர்ந்த சுருதியும் வேண்டும். தாழ்ந்த கட்டையில் பாடும் குரல் முன்வரிசையோடு கரைந்துவிடும். கிட்டப்பாவின் பெருமையே, ஆண் குரலாக இருந்தும் பெண் குரலுக்கு ஈடான உச்சத்தில் அநாயாசமாகச் சஞ்சரித்ததுதான். அதனால்தான் அவரும் சுந்தராம்பாளும் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் சுருதி மாற்றாமல் எடுத்துப் பாட முடிந்தது. ஜோடிப் பொருத்தம் என்று அன்றைய ரசிகர்கள் சொன்னது முகப்பொருத்தத்தை அல்ல என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: அந்த ஜோடி முதலில் சேர்ந்தது இலங்கையில்தானாமே?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஆம். 1920-களின் நடுவில் கொழும்பில் சேர்ந்தது. சுந்தராம்பாள் அங்கே ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தார். அவரோடு நடித்து எடுபட முடியாது என்று கிட்டப்பாவைச் சிலர் எச்சரித்து அனுப்பியதாகவும் சொல்வார்கள். கடல் தாண்டிப் போய்ப் பெற்ற பெயர் இங்கே திரும்பியபோது இரட்டிப்பானது. பிறகு இசைத்தட்டுகளும் வந்தன. மேடையில் அரை மணி நேரம் விரியும் 'காயாத கானகத்தே' போன்ற பாட்டைத் தட்டின் ஒரு பக்கத்துக்குரிய மூன்று நிமிடச் சொச்சத்தில் அடக்க வேண்டியிருந்தது. நாம் இன்று கேட்பது அந்தச் சுருக்கத்தை மட்டுமே.

கேள்வி: 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்பது மிகைப்படுத்தப்பட்ட செய்தி அல்லவா? ஒரு பெண் ஆண் வேடத்தில் நடித்ததை மக்கள் ஏற்றார்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மிகை இல்லை. கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் ஒதுங்கியிருந்தவரை நடிக்கக் கேட்டுத் தயாரிப்பாளர் அசன்தாஸ் விடாமல் வந்தபோது, ஆளைத் தட்டிக்கழிக்க எண்ணி, யாரும் தர முடியாத தொகையாக ஒரு லட்சம் கேட்டார் என்றும், அசன்தாஸ் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார் என்றும் வரலாறு. 1935-இல் ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்குள் கிடைத்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தொகையின் கனம் விளங்கும். தட்டிக்கழிக்கக் கேட்டார் என்ற பகுதியில் மட்டும் எங்களுக்குச் சிறு ஐயம் உண்டு. கொட்டகை நிரம்புவது யாரால் என்று பத்து வயது முதல் பார்த்து வளர்ந்தவர், தன் விலை தெரியாமலா கேட்டிருப்பார்?

ஆண் வேடம் பற்றி: நாடக மேடையில் பெண் ஆண் வேடமிடுவதும் ஆண் பெண் வேடமிடுவதும் அன்று பழகிய சங்கதி என்பதால், அதற்காக யாரும் முகம் சுளிக்கத் தேவையிருக்கவில்லை. ஜோடி சேர்வதில்லை என்ற அவருடைய விரதத்துக்கும் அந்த வேடம் இடையூறாக இல்லை. நந்தனாரின் பண்ணையாரான வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அவரும் இவரும் எதிரெதிரே நின்று பாடிய அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை என்பதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

கேள்வி: அவர் எம்.எல்.சி.யாக இருந்தாராமே? நடிகர்கள் அரசியலுக்கு வந்தது அவரிடமிருந்துதான் தொடங்கியதா?
– வாசகி, சேலம்

பதில்: 1951-இல் காங்கிரஸ் சார்பில் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவிலேயே சட்டமன்ற அவையொன்றில் இடம்பெற்ற முதல் திரைக்கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். ஆனால் அது திரைப்புகழ் தேடித் தந்த பதவி அல்ல. தீரர் சத்தியமூர்த்தியின் காலத்திலிருந்தே காங்கிரஸ் கூட்டங்களில் பாடிக் கூட்டம் சேர்த்தவர். 'காந்தியோ பரம ஏழை சந்நியாசி' என்ற அவருடைய இசைத்தட்டு தெருத்தெருவாக ஒலித்தது. தலைவர் வந்து சேரும்வரை கூட்டத்தைக் கலையாமல் உட்காரவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அரசியல்வாதிகளைக் கேட்டால் சொல்வார்கள். 1964-இல் கலைஞர் கருணாநிதி வசனம் எழுதிய 'பூம்புகார்' படத்தில், கட்சியாலும் பக்தியாலும் எதிர்த்துருவத்தில் நின்ற அவரே சமணத் துறவி கவுந்தியடிகளாக நடித்தார். அவரை விட்டால் அந்த வேடத்துக்கு வேறு ஆள் இல்லை என்பதை இரு தரப்பும் உணர்ந்திருந்தன போலும்.

கேள்வி: நடிப்பு என்று பார்த்தால் அவர் சாதாரணம்தானே? பாட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?
– வாசகர், சென்னை

பதில்: கேள்வி காரமாக இருந்தாலும் நியாயமானது. கண்ணசைவும் உதட்டுத் துடிப்பும்தான் நடிப்பு என்றால், அவர் பெரிய நடிகை அல்லர். கேமரா மிக அருகில் வந்து நிற்கும்போது அவர் முகம் பல இடங்களில் மேடை முகமாகவே இருக்கிறது. ஆனால் பாட்டை எடுத்துவிட்டுப் பார்ப்பதை நாங்கள் ஒப்பவில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் பாட்டுதான் நடிப்பு. ஜெமினி ஸ்டூடியோவின் 'அவ்வையார்' (1953) படத்தில் தயாரிப்பாளர் எஸ்.எஸ்.வாசனின் பிரம்மாண்டமும், கோட்டையை இடிக்கும் யானைக்கூட்டமும் உள்ளன. அவற்றுக்கு நடுவில் கோலூன்றி நிற்கும் ஒரு கிழவி, மன்னனிடம் பேசும்போது ஒரு சொல்லை எங்கே அழுத்துகிறாள், எங்கே கேலியாக வழுக்கிவிடுகிறாள் என்று கவனித்தால், அதிகாரத்துக்கு அஞ்சாத புலவரின் குணம் முழுவதும் உச்சரிப்பிலேயே வந்துவிடுவது தெரியும். இளமை வேண்டாம், முதுமை வேண்டும் என்று பிள்ளையாரிடம் வரம் கேட்டு வாங்கியவள் ஔவை. அந்த வேடத்தைப் போட்டபோது சுந்தராம்பாளுக்கு 45 வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

'துணைவன்' (1969) படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ வந்தது. 1980-இல் காலமானார்.

கேள்வி: அவர் குரலைக் கேட்டதே இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி, பெங்களூரு

பதில்: ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) படத்தில், கோபித்துக்கொண்டு பழனி மலையில் நிற்கும் பாலமுருகனை ஔவையார் சமாதானம் செய்யும் காட்சியிலிருந்து தொடங்குங்கள். முதல் முறை படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். தாளக்கட்டுக்குள் பாட்டு இறங்குவதற்கு முன்னால், 'ஞானப்பழத்தைப் பிழிந்து' என்று அவர் குரல் மட்டும் எழும்புகிறதே, அந்தத் தொடக்கப் பகுதி 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. வண்ணப்படத்துக்குள் அந்தச் சில நொடிகள் மட்டும், ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் திரைக்குப் பின்னாலிருந்து வரும் குரலாகவே இருக்கும்.