லால்பாக்கில் பூவைத் தவிர பார்க்க என்ன இருக்கிறது?

"குடும்பத்தோடு பெங்களூரு வருகிறோம், மலர்க் கண்காட்சி இல்லாத நாளில் லால்பாக் தோட்டத்துக்குப் போனால் வீண்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், கண்காட்சி இல்லாத நாளில்தான் போக வேண்டும்.

பதினெட்டு வருடமாக ஜெயநகர் பக்கம் குடியிருக்கிறேன். வந்த புதிதில், தருமபுரியிலிருந்து அம்மாவை வரவழைத்து சுதந்திர தினக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன் (குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரியிலும் ஒன்று நடக்கும்). நுழையவே ஒரு மணி நேரம், உள்ளே போனால் முன்னால் நிற்பவர் முதுகு, அதற்கு மேலே தூக்கிப் பிடித்த செல்போன்கள். வெளியே வந்ததும் அம்மா, "பூவைப் பார்க்கலைடா, ஜனத்தைத்தான் பார்த்தேன்" என்றார். அடுத்த முறை வந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போனோம். அன்றைக்குப் பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

எந்த வாயிலில் நுழைந்தாலும் சரி, முதலில் பாறையைக் கேட்டுக்கொண்டு போங்கள். 240 ஏக்கர் தோட்டத்துக்குள் ஒரு சின்ன மொட்டைக் குன்று. பார்த்தால் நம் ஊர்ப் பக்கத்துப் பாறை மாதிரிதான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள், அதன் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்தே ஆறரைக் கோடி ஆண்டுதான் ஆகிறது என்பதை வைத்து யோசித்துப் பாருங்கள். தென்னிந்தியாவின் அடித்தளமான தீபகற்ப நைஸ் என்கிற பாறை இது, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதை தேசிய புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. உச்சியில் பெங்களூருவை நிறுவிய கெம்பேகவுடர் பெயரில் ஒரு சின்னக் கோபுரம் உண்டு. நகரம் இதுவரைதான் என்று எல்லை காட்ட நாலு திசையில் கட்டிய நாலில் ஒன்று. இன்று அதன் அடியில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கட்டடம்தான்.

தோட்டத்தின் கதை 1760இல் ஹைதர் அலியிடம் தொடங்குகிறது. கர்நாடகத்திலேயே சீரா என்ற ஊரில் இருந்த முகலாயர் பாணித் தோட்டத்தைப் பார்த்து, அதுபோல ஒன்று வேண்டும் என்று 40 ஏக்கரில் போட்டார். மகன் திப்பு வெளிநாடுகளிலிருந்தும் விதையும் கன்றும் வரவழைத்தார். 1799இல் திப்பு விழுந்த பிறகு தோட்டம் வெள்ளைக்காரர்கள் கைக்குப் போனது, 1856இல் அரசு தாவரவியல் தோட்டம் ஆனது, லண்டன் கியூ தோட்டத்தில் பழகிய ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் பொறுப்புக்கு வந்தார்கள். சரி, இது எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கும். மண்ணில் கை வைத்தவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுத மாட்டார்கள். பெங்களூரில் தோட்ட வேலை என்றாலே திகளர் சமூகம்தான், தமிழ் வேர் கொண்டவர்கள். ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியில் கரகம் எடுப்பதும் அவர்களே, அதுவும் நம் ஊரில் கும்பிடுகிற அதே திரௌபதி அம்மனுக்கு.

கியூ ஆட்களில் ஜான் கேமரூன் என்பவரை நம் சமையலறை வரைக்கும் கொண்டு வரலாம். 1874இலிருந்து சுமார் 34 வருடம் இங்கே இருந்தவர். கூட்டுக்குப் போடுகிற சௌசௌவை இந்தப் பக்கம் அறிமுகப்படுத்தியவர் அவர்தான். மெக்சிகோ பக்கத்துக் கொடி அது. கன்னடத்தில் சீமைக் கத்தரிக்காய் என்கிறார்கள், நாம் பெங்களூர் கத்தரிக்காய் என்கிறோம். அம்மா இதை நம்பவே இல்லை, "சௌசௌவுக்கெல்லாமா ஒரு துரை?" என்று கேட்டார்.

அவர் காலத்தில்தான் கண்ணாடி மாளிகையும் வந்தது. லண்டனில் இருந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற பெரிய கண்ணாடிக் கட்டடத்தை மனதில் வைத்து எழுப்பியது. 1889 நவம்பர் 30 அன்று விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார், இரும்புச் சட்டங்கள் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தன. லண்டனில் இருந்த மூலம் 1936இல் தீயில் போய்விட்டது, இது நிற்கிறது. கண்காட்சி நாளில் பூவால் மூடிவிடுவார்கள், சாதாரண நாளில்தான் அந்த இரும்பு வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் 1908இல் கிரும்பீகல் என்ற ஜெர்மானியர், பரோடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கிற மாதிரி, ஊர் முழுக்க வருடம் பூராவும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும்படி மரம் நட்டவர். பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூரு வந்து சாலையோரம் ரோஸ் நிறத்தில் பூத்திருப்பதைப் பார்த்து அசந்து போகிறவர்கள் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிடலாம். உலகப் போரின்போது ஜெர்மானியர் என்பதற்காகவே அவரை முகாமில் அடைத்தார்கள், அப்படியும் அவர் கடைசியில் இந்த ஊரிலேயேதான் இறந்தார்.

விடாமல் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று பெரிய வெள்ளை இலவ மரம், அதன் வேர் தரைக்கு மேல் சுவர் மாதிரி எழுந்து நிற்கும், பிள்ளைகள் அதற்குள் ஒளிந்து விளையாடலாம். இன்னொன்று கல்லாகிப்போன மரம், சுமார் 2 கோடி ஆண்டுப் பழசு, நம் விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையிலிருந்து வந்தது. பூக் கடிகாரம் குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்கு ஐந்து நிமிடம் போதும்.

மெட்ரோ பச்சை வழித்தடத்தில் லால்பாக் என்றே நிலையம் இருக்கிறது, ஆட்டோவோடு பேரம் பேச வேண்டாம். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பசித்தால் லால்பாக் ரோட்டிலேயே 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம் இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காதபோது ரவையில் இட்லி ஊற்றிப் பார்த்தது அவர்கள்தான். பெரியவர்கள் நடக்க முடியாவிட்டால் பேட்டரி வண்டி உண்டு, ஆனால் பாறை மேல் அது ஏறாது, கைபிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும். மழை பெய்திருந்தால் அதுவும் வேண்டாம், வழுக்கும்.