ஃபோரேயின் ரெக்வியம் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது?

ரெக்வியம் என்பது இறந்தோருக்கான கத்தோலிக்கத் திருப்பலியின் இசை. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ரெக்வியம் இடிபோல் முழங்க, பிரெஞ்சு இசையமைப்பாளர் காப்ரியேல் ஃபோரேயுடையது தாலாட்டுப் போல் ஒலிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும், அவர் விட்டுவிட்ட பகுதியால்தான். தீர்ப்பு நாளின் சினத்தைச் சொல்லும் நீண்ட லத்தீன் பாடலிலிருந்து இயேசுவிடம் இளைப்பாற்றி வேண்டும் கடைசி அடியை மட்டும் எடுத்து, ஒற்றைக் குரலுக்குக் கொடுத்தார். முடிவில், உடலை அடக்கத்துக்கு எடுத்துச் செல்லும்போது பாடும் 'இன் பாரதிசும்' ('சொர்க்கத்துக்குள்') வருகிறது.

1888இல் பாரிஸின் மதலேன் ஆலயத்தில் முதலில் ஒலித்தபோது வயலின் கூட்டமே கிடையாது. வயலினைவிடத் தாழ்ந்த குரல் கொண்ட தந்திக் கருவிகளான வியோலா, செல்லோ ஆகியவையும் ஆர்கனுமே அடித்தளம். ஒலியின் அந்த மங்கிய நிறம் அங்கிருந்து வந்தது. இன்று கலப்புக் குழுக்களில் பெண்கள் பாடும் மேல்குரல்களை அன்று சிறுவர்கள் பாடினார்கள். 1900இல் வந்த பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வடிவம் எனக்குச் சற்றுக் கனம். சிறிய வடிவத்தையே முதலில் கேளுங்கள்.